வரவுப் பத்தி

மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகே
எங்களிடம் வந்தது இந்த வண்டி.
அதற்கு முன் ஒலமோட்ஸில் ரொட்டி சுமந்தது.
பக்கவாட்டில் வரைந்திருந்த ஒரு ரொட்டியையும் கதிர்க்கட்டையும்
இரண்டு பூச்சு வெள்ளையடித்து ராதிம் மறைத்தான்.
வெயிலில் ஒன்றும் தெரியாது.
நனைந்தால் மேலெழுந்து வரும்,
பூசி மெழுகிய எதையும் போல.

உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு,
கால் நீட்டினால் இடிக்கும் தண்ணீர்க் கேன்.
கணக்கு நோட்டு என் பொறுப்பு.
இடது பத்தி வரவு, வலது பத்தி செலவு.
இடதில் ஒரே ஒரு வரி:
ஆலையை மூடிய அன்று அவனுக்குக் கொடுத்த தொகை.
அதற்குக் கீழே
ஏப்ரல், மே, ஜூன் முழுக்க வெள்ளைத்தாள்.

வியன்னாவை
டிராமின் கடைசி நிறுத்தத்திலிருந்து பார்த்தோம்.
வெனிஸை, வண்டி நிறுத்தும் கட்டணத்தைக் கேட்டுவிட்டு,
பாலத்துக்கு இந்தப் பக்கமே கும்பிட்டோம்.
"அங்கேயும் தண்ணீர்தானே" என்றான்.
கட்டணச் சாலை கூடாது என்பதால்
ஒரு மணி நேரத் தூரத்துக்கு
ஒரு பகல் முழுக்க மலையைச் சுற்றினோம்.
அதில் குறையில்லை.
சுங்கச்சாவடி இல்லாத வழியில்தான்
செர்ரி உதிர்ந்து கிடக்கிறது.

லுப்லியானாவைத் தாண்டி ஒரு கல்லறைத் தோட்டம்.
செடிக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்த பெண்
குழாயைக் காட்டிச் சொன்னாள்:
"பிடித்துக்கொள்ளுங்கள், நல்ல தண்ணீர்.
இங்கே இருப்பவர்கள் குடிப்பதில்லை."
அன்றிலிருந்து
எந்த ஊருக்குள் நுழைந்தாலும்
முதலில் இறந்தவர்களைத்தான் விசாரிக்கிறோம்.

மிலானில் ஒரு சீட்டுக்குத்தான் காசு இருந்தது.
நாணயம் சுண்டினோம். எனக்கு விழுந்தது.
பேராலயத்தின் கூரைமீது நடந்தேன்.
திரும்பி வந்து
ஒவ்வொரு கோபுர முனையாக அவனுக்குச் சொன்னேன்.
வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.
மறுநாள் ஓட்டும்போது
மூக்கு உடைந்த ஒரு சிலையைப் பற்றி வியந்து பேசினான்.
நான் அதைச் சொல்லவேயில்லை.
பார்க்கவும் இல்லை.
திருத்தவில்லை. இருவருக்கும் ஒரே சீட்டுதானே.

பிறகு பிரான்ஸ். காந்தால் மலைப்பகுதி.
பெயர்ப்பலகை சாய்ந்த ஒரு சிற்றூரின் சதுக்கத்தில்
இரவு ஒதுங்கினோம். விடிய விடிய மழை.
ஆறரைக்குக் கதவைத் தட்டும் சத்தம்.
போலீஸ் என்று நினைத்தேன்,
அபராதத் தொகையை மனம் செலவுப் பத்தியில் எழுதியே விட்டது.

திறந்தால்
குடையும் வீட்டுச் செருப்புமாய் ஒரு மனிதர்.
இரண்டு விரலை உயர்த்தினார்.
அவருக்குப் பின்னால் மழைக்கோட்டில் மூன்று பேர்
வரிசையில்.
எனக்குப் புரியவில்லை. ராதிமுக்குப் புரிந்தது.
இறங்கிப் போய் வண்டியின் விலாவைப் பார்த்தான்:
பொன்னிறமாய், முழுசாய்,
நனைந்த ரொட்டி.

அந்த ஊரில் அடுமனை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிறதாம்.
எங்களிடம் இருந்ததோ
ஓரியாக்கில் பாதி விலைச் சீட்டு ஒட்டி விற்ற
நேற்றைய ரொட்டி ஒன்று.
கை ஜாடையில் எவ்வளவோ விளக்கினோம்.
வரிசை கலையவில்லை.
ராதிம் கத்தியை எடுத்தான்.
ஆறு துண்டு, எங்களுடையதையும் சேர்த்து.
யாரோ ஓடிப்போய்
ஈரத்துணியில் சுற்றிய பாலாடைக்கட்டி கொண்டுவந்தார்கள்.
நின்றுகொண்டே தின்றோம்.
வானிலையைப் பற்றி
இரண்டு மொழியில் ஒரே கருத்து.

எல்லோரும் போன பின் படியில் கிடந்தன காசுகள்.
குடைக்காரர், வேத்ரீன் என்று பெயர்,
அவர் பின்னால் நனைந்துகொண்டே ஓடினேன்.
வாங்க மறுத்துவிட்டார்.
வாங்கியதற்குக் கொடுத்தது என்று
கையைத் தட்டி உதறிக் காட்டினார்.

நோட்டை விரித்தேன்.
இடது பத்தியில் பேனா தயங்கியது,
வெகுநாள் பேசாதவர் வீட்டு வாசலில் நிற்பதுபோல.
எழுதினேன்: ஒரு யூரோ இருபது சென்ட்.

ராதிம் முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மேற்கே பார்க்கிறான்,
அடுத்த ஊரிலும் மழை இருக்குமா என்று.